பால்வெட்டு நேரமும் என் மாத்திரை நேரமும்

கடந்த ஆகஸ்ட் மாதம் வரை, கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தின் எடைக் கொட்டகையில் நான் கணக்கெழுதும் வேலை பார்த்துவந்தேன். காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் அந்த வேலையோடு என் சர்க்கரை நோயும் ஒருவாறு பழகியிருந்தது. நோய் தெரியவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய இரண்டு மாத்திரைகளின் துணையால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7-ஐ ஒட்டியே நின்றது. செப்டம்பரில் மேற்பார்வையாளர் ஒருவர் ஓய்வு பெற்றதும் அவருடைய இடத்துக்கு என்னை மாற்றினார்கள். அன்றிலிருந்து என் வேலை அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது.

இந்த நேரத்தை யாரும் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்புதான் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி இலைகளின் வழியே நீர் ஆவியாகத் தொடங்கிவிட்டால் அழுத்தம் தளர்ந்து பால் வரத்தும் குறைந்துவிடும். அதனால்தான், மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மலைச்சரிவில் ஏறி, ஆளுக்கு 300-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி முடிக்கிறார்கள். அவர்கள் பின்னால் நானும் ஏறி இறங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய என் கால்களுக்கு அது பெரிய மாற்றம் என்பதை உணர்ந்திருந்த நான், மாத்திரைக்கும் அது பெரிய மாற்றம் என்பதை உணரவில்லை.

என் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தது. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. நான் எழுந்திருப்பது இப்போது 2.15 மணிக்கு என்பதால் அதையே காலை என்று கொண்டு, எழுந்தவுடன் மாத்திரையை விழுங்கிச் சீனியும் பாலும் போடாத கட்டன் சாயா ஒன்றைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். சாப்பாடோ ஒன்பதரை மணிக்குத்தான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அந்த இன்சுலின் ஒரு பக்கம் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்க, ஏறி நடக்கும் கால்தசைகள் மறுபக்கம் அதை இழுத்துக்கொள்ள, உள்ளே வருவது மட்டும் எதுவுமில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், ஐந்தரை மணி இருக்கும், ஒரு மரத்தின் அருகே நின்று ஓர் இளைஞனைக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டது என்று நான் சுட்டிக்காட்டிய இடத்தில் காயமே இல்லை. அவன் விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பட்டையைக் காட்டியபோதும் எனக்குப் புரியவில்லை. கழுத்தின் பின்புறம் குளிர்ந்த வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. கையிலிருந்த குறிப்பேட்டின் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் ஓடிவந்து, “சாரே, இங்கன இரியுங்க, ஒண்ணும் பேசாண்டாம்” என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவருடைய கணவருக்கும் இதே நோய் உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பையில் குளுக்கோமீட்டர் இருந்தது. குத்திப் பார்த்தபோது 54 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. அந்த அம்மா தம் பிளாஸ்கில் இருந்த கருப்பட்டிக் காப்பியை ஒரு முழு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 91. எங்கள் பக்கத்தில் கருப்பட்டி சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்று நம்பி நாளைக்கு நான்கு முறை அந்தக் காப்பியைக் குடிக்கும் நோயாளிகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் நான் விடாமல் சொல்லிவருகிறேன். என்னைக் காப்பாற்றியதே அது சர்க்கரையை ஏற்றும் என்பதுதான். அந்த இளைஞனிடம் மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

நான் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், இந்த ஆறு ஆண்டுகளில் நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறைகூட எவரும் கேட்டதில்லை. வேலை நேரம் மாறியதை நானாகச் சொல்லவுமில்லை. இதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இப்போது பார்க்கும் மருத்துவர் முதல் நாளில் மருந்தே எழுதாமல், எழுந்த நேரம், உண்ட நேரம், நடந்த நேரம், உறங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். அதன் பிறகு கிளிமிபிரைடின் அளவைப் பாதியாக்கி ஒன்பதரை மணிச் சாப்பாட்டோடு சேர்த்தார். மெட்ஃபார்மினை அந்தச் சாப்பாட்டுக்கும் மாலை ஆறு மணிச் சாப்பாட்டுக்கும் பிரித்தார். சீட்டில் காலை, இரவு என்று எழுதாமல் மணியையே எழுதிக் கொடுத்தார். இவை என் உடம்புக்கும் என் வேலைக்கும் பார்த்துச் செய்த மாற்றங்கள் என்பதால், இதைப் படிப்பவர்கள் தாமாக மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது புறப்படுமுன் குத்திப் பார்க்கிறேன். இரண்டு சிறிய இட்லியோ, ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறும் அரை டம்ளர் பாலுமோ சாப்பிடாமல் படியிறங்குவதில்லை. சட்டைப் பையில் 15 கிராம் வீதம் மடித்த குளுக்கோஸ் பொட்டலங்கள் இரண்டு எப்போதும் இருக்கும். சாக்லேட் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒன்பதரை மணிக்கு மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் குழம்பும் உண்ணும் வழக்கத்தை நான் முற்றாக விடவில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும், கிழங்கு ஒரு கைப்பிடி, மீன் அதைவிடக் கூடுதல்.

எனக்கு உண்மையில் பாடம் கற்பித்தவை மழை நாட்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வெட்டு நின்றுவிடும். இரண்டு மணிக்கு எழுந்து, பழக்கத்தில் இட்லியையும் தின்றுவிட்டு, மழைச் சத்தம் கேட்டு மறுபடி படுத்துக்கொண்ட நாட்களில் ஏழு மணிக்கு 190, 200 என்று காட்டியது. உண்டது அதே உணவு; நடை மட்டும் இல்லை. போதாததற்கு, விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, எதுவும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை உயர்த்திவிடுகின்றன. ஆகையால் வெட்டு உண்டா இல்லையா என்று உறுதியான பின்னரே இட்லித் தட்டை எடுக்கிறேன்.

மழைக்கால மலையில் அட்டைக் கடி சாதாரணம். சர்க்கரையால் கால் நரம்பு மரத்தவர்களுக்குக் கடித்ததே தெரியாமல் போய்ப் புண்ணாகிவிடலாம் என்பதால், வீடு வந்ததும் பூட்ஸைக் கழற்றி, வெந்நீர் ஊற்றாமல் சாதாரண நீரில் கழுவி, விரல் இடுக்குகளை என் மனைவி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். பாதத்தின் அடிப்பகுதியை நாமே சரியாகப் பார்க்க முடியாது.

உறக்கம்தான் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. இரவு ஏழரைக்குப் படுத்தால் தொடர்ந்து ஆறு மணி நேரம் கிடைப்பதில்லை. உறக்கம் குறைந்த நாளின் மறுநாள் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் எண் ஏறி நிற்பதைக் குறிப்பேட்டிலேயே காண்கிறேன். பகலில் ஒரு மணிக்கு ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி ஒன்றரை மணி நேரம் உறங்குகிறேன். மகள் பள்ளிவிட்டு வந்ததும் ஆறு மணிக்கு அவளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுக்குப் பசிக்காத நேரம் அது என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் மரங்கள் இலையுதிர்க்கும். புதுத் தளிர் முற்றும்வரை வெட்டு நிறுத்தப்படும். நான் மறுபடி எட்டு மணிக்கு எடைக் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கும். ஜனவரி கடைசி வாரத்தில் மருத்துவரைப் பார்க்க இப்போதே தேதி வாங்கி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.