26 வாரம் முடிந்த பிறகு

2023 ஜூன் 5 அன்று எனக்கு மகப்பேறு விடுப்பு தொடங்கியது. அப்போது 31 வாரம். பிபி 160ஐத் தாண்டி, இரண்டு காலும் வீங்கிப்போய், இனி ஆபீஸ் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு எடுத்த பட்டுப்புடவை பீரோவிலேயே இருந்தது. சரியாகப் பதினான்காம் நாள், ஜூன் 19, அவசரமாக சிசேரியன் செய்து மகளை எடுத்தார்கள். 1,650 கிராம். 24 நாள் என்ஐசியுவில், அதாவது பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள்.

விடுப்பு 26 வாரம். அதாவது ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து 182 நாள். டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிகிறது. மறுநாள் காலை நான் சீட்டில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே இரண்டு வாரம் போய்விட்டது. அப்புறம் என்ஐசியு வாசலில் மூன்றரை வாரம். மீதிதான் அவளோடு வீட்டில் இருந்த நாட்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் அவளுக்கு ஐந்தரை மாதம். ஆனால் ஏழு வாரம் முன்னால் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் டாக்டர்கள் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் நாலு மாதம்கூட நிறையவில்லை. கழுத்து அப்போதுதான் நின்றிருந்தது. பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவாள். பிறகு, பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் ஊற்றி, அதன் மூக்கைக் கடைவாயில் வைத்து, ஒரு மிடறு இறங்கித் தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சாய்க்க வேண்டும். 30 மில்லி உள்ளே போக அரை மணி நேரம். அம்மாவுக்குக் கை நடுங்கும். ஒருமுறை பாப்பாவுக்குப் புரை ஏறியதிலிருந்து அவர் பாலாடையைத் தொடவே பயந்தார். பனிக்காலம் முடியும்வரை குழந்தைகள் காப்பகம் போன்ற கூட்டமான இடம் வேண்டாம் என்று குழந்தை டாக்டரும் சொல்லியிருந்தார்.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பிரிவில். நவம்பர் முதல் வாரம் எச்.ஆருக்குப் போன் செய்து விடுப்பை நீட்டிக்க முடியுமா என்று கேட்டேன். “ஆறு மாசம்தானுங்க மேடம் சட்டம். அதுக்கு மேல வேணும்னா ரிசைன் பண்ணிடுங்க. பாப்பா பெருசானதும் அப்ளை பண்ணுங்க, பார்க்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையோடு சொல்வது போலவே இருந்தது, அதனால் நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் ராஜினாமாப் பேச்சுதான் ஓடியது. நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு. “எனக்கு ஒரு வருஷம், உங்களுக்கு அதுல பாதியா அண்ணி?” என்று அவளுக்கே வருத்தம்.

என்னைத் தடுத்தது என் சித்தப்பா. மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தொழிற்சங்கத்தில் பல வருடம் இருந்தவர். “கண்ணு, ரிசைன் லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி பத்தாவது பிரிவைப் படி” என்றார்.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம், கருச்சிதைவு போன்றவற்றால் ஒரு பெண்ணுக்கு நோய் வந்திருந்தால், 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். சான்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 ஆனது எல்லோருக்கும் தெரிகிறது. இந்தப் பிரிவு அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

உடனே குழந்தை டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி, நவம்பர் 13 அன்று மெயில் அனுப்பினேன். மூன்று நாளில் மறுப்பு வந்தது: சான்று குழந்தையைப் பற்றியது, சட்டம் சொல்வது தாயின் நோயை. எரிச்சலாக இருந்தாலும், பிரிவைத் திரும்பப் படித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு முடியவில்லை என்று எழுதினால் அது வேண்டுகோள். பிரசவத்தால் எனக்கு முடியவில்லை என்று சான்றோடு எழுதினால் அது உரிமை.

எனக்கு முடியாமல்தான் இருந்தது. கர்ப்பத்தில் ஏறிய பிபி இறங்கவே இல்லை; காலையும் இரவும் மாத்திரை. பிள்ளையைப் பார்க்கிற மும்முரத்தில் என் உடம்பை ஒரு நோயாக நான் எண்ணவே இல்லை. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். பிபி பார்த்தார், 150. “இதை ஏன்மா முதல்லயே சொல்லல?” என்று கடிந்துகொண்டே எழுதினார்: கர்ப்ப காலத்தில் தொடங்கிய உயர் ரத்த அழுத்தம், அதனால் 33 வாரத்தில் குறைப்பிரசவம், சிகிச்சை தொடர்கிறது, டிசம்பர் 4 முதல் ஒரு மாதம் ஓய்வு தேவை. காரணம், தொடர்ச்சி, தேதி மூன்றும் அந்த நாலு வரியில் வந்துவிட்டன. டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் சேர்த்து அனுப்பினேன். மெயிலில் பிரிவு 10 என்று எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் கேட்டேன். ஒரு வாரத்தில் ஒப்புதல் வந்தது.

சம்பளம் வந்தபோது குறைந்திருந்தது. டிசம்பர் 4 முதல் ஜனவரி 3 வரை 31 நாள். நாலு ஞாயிறையும் கிறிஸ்துமஸையும் கழித்து 26 நாளுக்குப் போட்டிருந்தார்கள். இதற்கும் சித்தப்பாதான். மகப்பேறு காலச் சம்பளத்தில் ஞாயிறும் சேரும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு நம் கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போனது; கேட்டவர் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண். 10ஆம் பிரிவின் சம்பளமும் அதே விகிதம்தான். எழுதிக் கேட்டதும் மீதியை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அதற்கு மேல் எடுத்ததெல்லாம் தனி. பாக்கியிருந்த 12 நாள் ஈட்டிய விடுப்பைப் போட்டேன், பொங்கல் அதில் கழிந்தது. பிறகு மார்ச் 3 வரை சம்பளமில்லா விடுப்பு. அது நிர்வாகம் சம்மதித்தால்தான் கிடைக்கும். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்க முடியாது என்ற பாதுகாப்பு, சட்டம் தரும் விடுப்பு முடிந்ததும் நின்றுவிடுகிறது. அதனால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, திரும்பும்போது அதே பதவிதானா, குரூப் இன்சூரன்ஸ் தொடருமா, மூன்றையும் எழுத்தில் வாங்கினேன். சம்பளம் இல்லாத நாட்களுக்கு பிஎஃப் பணமும் ஏறாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருப்பவர்களுக்கும் இந்தக் கூடுதல் ஒரு மாதம் உண்டு. பணம் இஎஸ்ஐயிலிருந்து வரும், சான்றையும் அங்கேதான் வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 26 வாரமும் இந்த ஒரு மாதமும் அதிலும் இருக்கின்றன, பிரிவு எண்தான் வேறு.

2024 மார்ச் 4, திங்கட்கிழமை சேர்ந்தேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு, அதையும் முதல் நாளே எழுதிக் கொடுத்தேன். வீடு வண்டியில் பத்து நிமிடம். 11 மணிக்கும் 3 மணிக்கும் போவேன்; வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். செப்டம்பர் 19 வரை ஒரு நாளும் விடவில்லை.