ஆட்டத்தோடு கட்டிய பாட்டு

சென்ற மாதம் ஒரு வீடியோ கேமின் பின்னணி இசையை மட்டும் விலை கொடுத்து வாங்கினேன். பதிவிறக்கி முடித்துக் கோப்புறையைத் திறந்தபோது உள்ளே 28 கோப்புகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களே அவற்றின் பெயர்கள். இசையமைத்தவர் பெயர் இல்லை, அட்டைப்படம் இல்லை, எந்த இசை எந்தக் காட்சிக்கு உரியது என்று அறியவும் வழியில்லை. கைபேசியில் ஏற்றியபோது அது 'தெரியாத கலைஞர்' என்று எழுதிக் காட்டியதோடு, பத்தாம் கோப்பை ஒன்றுக்குப் பின்னும் இரண்டுக்கு முன்னும் வைத்து இசைத்தது.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் நாங்கள் கேசட் பதியக் கொடுத்த கடை அப்போது நினைவுக்கு வந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், பக்கத்துக்கு 30 நிமிடமாக 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ஒரு பாட்டைச் சேர்ப்பார். அது பாதியில் அறுந்து நிற்கும். என் அண்ணன் அதற்காக அவரோடு சண்டைக்குப் போவார். ஆனாலும் உள்ளட்டையில் படம், பாட்டு, பாடியவர் என்று வரிசையாகப் பேனாவால் எழுதியிருக்கும். இசையை விற்பவர் செய்ய வேண்டிய வேலையில் பாதி அந்த உள்ளட்டைதான் என்பதை நான் அந்த 28 கோப்புகளைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

கேம் இசை நெடுங்காலம் தனிச் சரக்காக நடத்தப்படவில்லை. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் 2020 ஜனவரி வரை இசைத்தொகுப்பு 'டிஎல்சி' எனப்படும் கூடுதல் உள்ளடக்கமாகவே விற்கப்பட்டது. கூடுதல் ஆயுதம், கூடுதல் உடை ஆகியவற்றுக்கும் அதே பெயர்தான். மூல விளையாட்டை வைத்திருப்பவருக்கே அது பயன்பட்டது. கோப்புகளும் பெரும்பாலும் விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே எங்கோ ஓர் ஓரத்தில் இறங்கின. 40 நிமிட இசைக்காகப் பல ஜிபி அளவுள்ள விளையாட்டைச் சுமக்கும் இந்த ஏற்பாடு, என்னைப் போல் சிறிய வட்டு உள்ள மடிக்கணினியோடு காலம் தள்ளுபவர்களுக்குப் பெரிய தொல்லை. அந்த ஜனவரியில் 'இசைத்தொகுப்பு' தனி வகையானது. அதன்பின் விளையாட்டை வாங்காமலே இசையை வாங்கலாம், இசைக்கென்று தனி இடத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. எம்பி3 வடிவம் அடிப்படை. உருவாக்கியவர் விரும்பினால், ஒலி நுணுக்கம் குறையாத ஃபிளாக் அல்லது வேவ் வடிவத்தையும் உடன் தரலாம்.

ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையின் வழக்கம் வேறு. அங்கே பல பழைய விளையாட்டுகளுடன் கையேடு, சுவர்ப்படம், இசை ஆகியவை கொசுறாகவே கிடைக்கின்றன. கொசுறு என்பதால் குறைத்துச் சொல்லவில்லை. விளையாட்டை நிறுவாமலே அந்த இசைப் பொதியை மட்டும் தனியாக இறக்க முடிவது, காசு வாங்கிக்கொண்டு கட்டிப்போடுவதைவிட எவ்வளவோ மேல். விளையாட்டோடு இசை, ஓவியப் புத்தகம் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டி விற்கும் 'டீலக்ஸ்' பதிப்புகளைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம் எனக்கு இல்லை. இசைக்காக நான் வாங்கிய ஒரு டீலக்ஸ் பதிப்பின் ஓவியப் புத்தகத்தை இன்றுவரை திறந்ததில்லை.

பொதி கட்டுவதில் உள்ள உண்மையான சிரமம் கடைக்கு வெளியே, இசையிலேயே இருக்கிறது. திரைப்பாட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு; விளையாட்டின் இசைக்கோ ஆடுபவர் முடிக்கும்வரை முடிவில்லை. சண்டைக் காட்சியின் இசை முடிந்த இடத்திலிருந்தே மீண்டும் தொடங்குமாறு எழுதப்படுகிறது. பகைவன் நெருங்கினால் தாளம் சேரும், விலகினால் அது உதிரும். எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இப்படிச் சேர்ந்தும் உதிர்ந்தும் வரும் இசை அடுக்குகளை ஆட்டத்தின் போக்குக்கேற்பக் கலக்கின்றன. இதைத் தொகுப்பாக்கும்போது எத்தனை சுற்று ஓட விடுவது, எந்த அடுக்கைச் சேர்ப்பது, எங்கே மெல்லத் தேய விடுவது என்று யாராவது அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு சுற்று ஓடவிட்டுத் தேய்ப்பது பரவலான வழக்கம். 2012இல் வந்த 'ஜர்னி' விளையாட்டுக்கு ஆஸ்டின் வின்ட்டரி அமைத்த இசை, தொகுப்பாகக் கேட்கும்போதும் தொடர்ச்சியான ஒரே படைப்பாக நிற்கிறது. அது கிராமி பரிந்துரை வரை சென்றதில் எனக்கு வியப்பில்லை.

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் பொதியின் வடிவத்தை முடிவு செய்கிறது. பெரிய நிறுவனங்களில் இசை பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். சிறிய விளையாட்டுகளில் இசையமைப்பாளரே உரிமையை வைத்துக்கொள்வது உண்டு. அதனால்தான் பல தொகுப்புகள், இசைக் கலைஞர்களே தம் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்திலும் கிடைக்கின்றன. 'மைன்கிராஃப்ட்' இசையின் முதல் தொகுப்பை, சி418 என்ற பெயரில் இயங்கும் அதன் இசையமைப்பாளர் அங்கே 2011இல் வெளியிட்டார். பேண்ட்கேம்பில் எந்த வடிவம் வேண்டும் என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கிறார். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும். அதே நிமிடம் 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 2.4 எம்பி. பேருந்தில் காதுக்கருவியில் கேட்கும் எனக்கு எம்பி3 போதும். காட்பாடி பாலத்து நெரிசலில் ஃபிளாக்கின் நுணுக்கம் எங்கே கேட்கப் போகிறது?

வெளியிலிருந்து கடனாக வாங்கிய பாட்டுகளின் கதை தனி. ஒப்பந்தக் காலம் தீர்ந்ததால் 2018இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' விளையாட்டுக்குள் ஒலிக்கும் வானொலியிலிருந்து பல பாட்டுகள் நீக்கப்பட்டன. 2023இல் வந்த 'வெண்பா'வின் வானொலிப் பாட்டுகளுக்கு அந்த ஆபத்து இல்லை. நம் பழைய திரையிசையின் சாயலில் அவை அந்த விளையாட்டுக்கென்றே புதிதாக உருவாக்கப்பட்டவை. காந்தி நகரில் இருக்கும் அண்ணன் மகன் அதை ஆடிக்கொண்டிருந்தபோது, "அத்தை, இது எந்தப் படத்துப் பாட்டு?" என்று கேட்டான். எந்தப் படத்திலும் இல்லை என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை.

என்னுடைய 28 கோப்புகளுக்கும் அவனே வழி கண்டுபிடித்தான். அந்த விளையாட்டு அவனிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஆட, நான் பக்கத்தில் அமர்ந்து, காதில் விழும் இசையைக் கோப்போடு ஒப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டு வருகிறேன். 'ஆற்றங்கரை', 'கிழவி வீடு', 'மழைச் சண்டை' என்று 19 கோப்புகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. மற்ற ஒன்பதும் வரும் இடத்தை அவன் இன்னும் எட்டவில்லை. அவனுக்கு அரையாண்டுத் தேர்வு வேறு தொடங்கிவிட்டது.