லிங்கனோட இன்னொரு பேச்சு

லிங்கன்னு சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கெட்டிஸ்பர்க் பேச்சுதான், மக்களுடைய மக்களால் மக்களுக்காகன்னு முடியுமே அது. அதை நான் குறைச்சு மதிப்பிடல. ஆனா கொஞ்ச நாளா ராத்திரி உட்கார்ந்து அவரோட பேச்சு, கடிதம்னு ஒண்ணொண்ணா படிச்சிட்டு வர்றேன், சுத்திச் சுத்தி நான் வந்து நிக்கிற இடம் வேற. 1865 மார்ச் 4, ரெண்டாவது தடவை பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கு அவர் பேசினது. மொத்தமே 700 வார்த்தை பக்கம்தான், ஆறேழு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். போர்க்காலத்துல நாட்டை நடத்தின ஒரு மனுஷனை எடை போடணும்னா தராசுல நான் முதல்ல வைக்கிறது இதைத்தான்.

அன்னிக்கு நிலைமை என்னன்னு பாருங்க. பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட நாலு வருஷமா உள்நாட்டுப் போர், செத்தவங்க ஆறு லட்சத்துக்கும் மேல, வடக்கோட ஜெனரல் ஷெர்மன் படை ஜார்ஜியாவை முடிச்சிட்டு கரோலினாவுக்குள்ள போயாச்சு, பீட்டர்ஸ்பர்க்ல தெற்கோட தளபதி லீயை மாசக்கணக்கா வடக்கோட தளபதி கிராண்ட் நகரவிடாம பிடிச்சு வச்சிருக்கார், ஜெயிக்கப் போறோம்னு வடக்குல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. காலையிலேர்ந்து மழை, வாஷிங்டன் தெருவெல்லாம் சேறு, அந்த சேத்துல நின்னு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. மகனையோ புருஷனையோ பறிகொடுத்தவங்க அதுல எத்தனை பேர் இருந்திருப்பாங்க. நாம ஜெயிச்சோம், நியாயம் நம்ம பக்கம், துரோகிகளை விடமாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கைதட்டு வானத்தைப் பிளந்திருக்கும்.

அவர் அதைச் சொல்லல. ரெண்டு தரப்பும் ஒரே பைபிளைப் படிக்குது, ஒரே கடவுளை வேண்டிக்குது, ஒருத்தரை எதிர்த்து இன்னொருத்தர் அவரோட துணையையே கேக்கறாங்கன்னு சொன்னார். அப்புறம் அடிமை முறை பத்தி வரும்போது ஒரு வார்த்தை போடுறார், படிச்சப்போ நான் அங்கயே நின்னுட்டேன். தெற்கத்திக்காரங்களோட அடிமை முறைன்னு சொல்லல, அமெரிக்க அடிமை முறைன்னு சொல்றார். இந்தப் பாவத்துக்காக வடக்கு தெற்கு ரெண்டுக்குமே கடவுள் இந்தப் பயங்கரமான போரைக் கொடுத்திருக்கார்னு நினைச்சா அதுல தப்பு என்னங்கற மாதிரி கேக்கறார். 250 வருஷம் கூலி இல்லாத உழைப்புல சேர்ந்த சொத்தெல்லாம் கரையற வரைக்கும், சவுக்கு எடுத்த ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் வாள் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கற வரைக்கும் இது நடக்கணும்னு கடவுள் நினைச்சா, அப்பவும் அவர் தீர்ப்பு நியாயமானதுதான்னு சொல்லணும்ங்கறார். ஜெயிக்கப் போற தலைவர், தன் சொந்த ஜனங்க முகத்தைப் பார்த்து நமக்கும் இதுல பங்கு இருக்குன்னு சொல்றார். இந்தத் தைரியம் சண்டை போடுற தைரியத்தை விட அபூர்வம்னு நான் மனசார நம்பறேன்.

இதுக்கு அப்புறம்தான் அந்தக் கடைசிப் பத்தி வருது, வித் மேலிஸ் டுவர்ட் நன், வித் சாரிட்டி ஃபார் ஆல்னு ஆரம்பிக்குமே அது. அதைத் தமிழ்ல எழுதிப் பார்க்கணும்னு ஒரு ஆசை வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மேலிஸ்ங்கற வார்த்தைக்கு முதல்ல பகைன்னு போட்டேன், சரியா வரல, பகை வெளிய தெரியற விஷயம், அவர் சொல்றது உள்ள தேக்கி வச்சிருக்கறது, அதனால வன்மம்னு மாத்தினேன். அடுத்தது சாரிட்டி. தர்மம்னு போட்டா காசு போடற மாதிரி ஆயிடுது, ஆனா அந்தக் கால இங்கிலீஷ் பைபிள்ல அன்புங்கற இடத்துலதான் அந்த வார்த்தை வரும், லிங்கனுக்கு அந்த பைபிள் அத்துப்படி. கடைசியா இப்படி எழுதினேன்: யார் மேலயும் வன்மம் இல்லாம, எல்லார் மேலயும் அன்போட, கடவுள் நமக்குக் காட்டற அளவுக்கு நியாயத்துல உறுதியா நின்னு, தேசத்தோட காயங்களுக்குக் கட்டுப் போடுவோம். அடுத்த வரியிலேயே போரைத் தாங்கினவனையும், அவன் விட்டுட்டுப் போன விதவையையும் அனாதையையும் பார்த்துக்கணும்னு வருது. பெருசா பேசிட்டு கடைசியில ஒரு விதவை வீட்டு வாசல்ல கொண்டு வந்து நிறுத்துறார் மனுஷன்.

இந்த நிதானம் ஒரே நாள்ல வந்ததில்ல. 1860 தேர்தல்ல அவருக்குக் கிடைச்சது 40 சதவீதத்துக்கும் கீழ, பத்துக்கு ஆறு பேர் வேற யாருக்கோ ஓட்டு போட்டிருக்காங்க. பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடியே ஏழு மாநிலம் பிரிஞ்சு போயாச்சு, 1861 ஏப்ரல் 12ல தெற்குல இருந்த அரசுப் படையோட சம்டர் கோட்டை மேல குண்டு விழுந்து, 75,000 பேர் படைக்கு வாங்கன்னு அவர் கூப்பிட்டதும் இன்னும் நாலு மாநிலம் போச்சு. பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்தே ஒரு வருஷம் தேறாது. இப்படிப்பட்ட ஆள், கட்சியில தன்னோட வேட்பாளர் பதவிக்கு மோதின சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூணு பேரையும் மந்திரி ஆக்கினார். 1855ல ஒரு கேஸ்ல கூட வேலை செஞ்சப்போ தன்னை மதிக்காம அவமானப்படுத்தின ஸ்டான்டனைக் கூப்பிட்டு 1862ல போர்த்துறையையே கையில கொடுத்தார். அந்த வேலைக்கு அவர்தான் சரியான ஆள்னு பட்டுச்சு, கொடுத்தார், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1863 ஜூலை மாசத்துல அடுத்தடுத்த நாள் எழுதின ரெண்டு கடிதம். கெட்டிஸ்பர்க்ல மூணு நாள் சண்டை, ரெண்டு பக்கமும் சேர்த்து 50,000 பேர் கிட்ட செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனாங்க, வடக்கு ஜெயிச்சது. அதுக்கு மறுநாள், ஜூலை 4ல, மேற்க விக்ஸ்பர்க்கை கிராண்ட் பிடிச்சார். ஜூலை 13ல லிங்கன் கிராண்டுக்கு எழுதறார், நாம நேர்ல சந்திச்சதா எனக்கு ஞாபகம் இல்லன்னு ஆரம்பிக்கற கடிதம், நீங்க படையை வடக்குப் பக்கம் திருப்பினது தப்புன்னு நான் பயந்தேன், இப்போ ஒத்துக்கறேன், நீங்க சொன்னது சரி நான் நினைச்சது தப்புன்னு. நாட்டோட அதிபர், முகம் பார்க்காத ஒரு ஜெனரலுக்கு, யாரும் கேக்காமலே எழுதறார்.

மறுநாள் ஜூலை 14. லீயோட படை போடோமாக் ஆத்தைத் தாண்டி தப்பிச்சிடுச்சுன்னு சேதி வருது. ஆறு வெள்ளத்துல இருந்த நாள் எல்லாம், கெட்டிஸ்பர்க்ல ஜெயிச்ச வடக்கு ஜெனரல் மீட் கையெட்டுற தூரத்துலதான் இருந்தார், பாயல. அந்த ஆத்திரத்துல லிங்கன் மீடுக்கு ஒரு கடிதம் எழுதறார். கெட்டிஸ்பர்க் வெற்றிக்கு நன்றின்னு மரியாதையாத்தான் ஆரம்பிக்குது, போகப் போக கொதிக்குது. லீ தப்பிச்சது எவ்வளவு பெரிய துரதிர்ஷ்டம்னு உங்களுக்குப் புரியல, அவர் உங்க பிடியில இருந்தார், அங்கயே போர் முடிஞ்சிருக்கும், உங்க பொன்னான வாய்ப்பு போயிடுச்சு, எனக்கு அளவில்லாத வேதனைன்னு எழுதறார். எழுதி முடிச்சு மடிச்சு கவர்ல போட்டு, ஜெனரல் மீடுக்கு, அனுப்பவும் இல்ல கையெழுத்துப் போடவும் இல்லன்னு மேல குறிச்சு வச்சிட்டார். பாராட்டு போய்ச் சேர்ந்துச்சு, கோவம் மேஜைக்குள்ளயே இருந்துச்சு. நேத்து ஜெயிச்சுக் கொடுத்த ஆளை இன்னிக்கு உடைச்சா அந்தப் படைக்கு அடுத்து யாருங்கற கணக்கும் அதுல இருக்கு, மெக்லெல்லன், போப், பர்ன்சைட், ஹூக்கர்னு வரிசையா மாத்திப் பார்த்து ஓய்ஞ்சவர் இல்லையா.

கெட்டிஸ்பர்க் பேச்சு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 1863 நவம்பர் 19, முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் ரெண்டு மணி நேரம் பேசினார், லிங்கன் பேசினது சுமார் 270 வார்த்தை. ரயில்ல போகும்போது ஒரு கவர் பின்னாடி கிறுக்கினார்ங்கறது கட்டுக்கதை, வாஷிங்டன்லயே எழுத ஆரம்பிச்சிட்டார். நீங்க ரெண்டு நிமிஷத்துல தொட்டதை நான் ரெண்டு மணி நேரத்துல தொட்டிருந்தா சந்தோஷப்படுவேன்னு மறுநாளே எவரெட் கடிதம் எழுதினார், பெரிய மனசு. லிங்கன் குரல் கணீர்னு இருக்காதாம், கொஞ்சம் கீச்சுன்னு மேல தூக்கின குரல்னு கூட இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. அந்தக் குரல்ல இந்த வரிகளைக் கற்பனை பண்ணிப் பாருங்க, அவரை சிலையாவே பார்த்துப் பழகின நமக்கு ரத்தமும் சதையுமா ஒரு ஆள் கண்ணு முன்னாடி வந்து நிப்பார்.

மூடி மறைக்கக் கூடாத விஷயமும் இருக்கு. 1862 ஆகஸ்ட்ல ஒரு கறுப்பினக் குழுவை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ரெண்டு இனமும் பிரிஞ்சு இருக்கறதுதான் நல்லது, நீங்க வேற நாட்டுல போய்க் குடியேறுங்கன்னு சொல்லியிருக்கார். படிக்கும்போது மனசு வலிக்குது, அந்தக் காலம் அப்படின்னு சொல்லித் தள்ளிட முடியல, ஏன்னா அதே காலத்துலதான் அடிமையா இருந்து தப்பிச்சு வந்து அடிமை ஒழிப்புக்குப் போராடின டக்ளஸ் மாதிரி ஆட்கள் அது தப்புன்னு கத்திச் சொன்னாங்க. கைது பண்ணினவரை கோர்ட்ல கொண்டு வந்து நிறுத்தணும்ங்கற ஹேபியஸ் கார்பஸ் உரிமையை 1861லேயே நிறுத்தி வச்சார், தலைமை நீதிபதி டானி அது செல்லாதுன்னு சொல்லியும் கேக்கல. மினசோட்டாவுல டகோட்டா பழங்குடிக்காரங்க 303 பேருக்கு ராணுவ விசாரணை மரண தண்டனை கொடுத்துச்சு, அவர் ஒவ்வொரு கேஸ் பேப்பரையும் வரவழைச்சுப் பார்த்து பெரும்பாலானவங்களைக் காப்பாத்தினார், அதுக்காக அவரைத் திட்டினாங்க. ஆனாலும் 1862 டிசம்பர் 26ல மன்கேட்டோவுல 38 பேர் ஒரே மேடையில தூக்குல தொங்கினாங்க. ரெண்டையும் சேர்த்தேதான் சொல்லணும்.

அடிமைகளை விடுவிக்கறதா அவர் போட்ட விடுதலைப் பிரகடனம் கூட உடனே எல்லாரையும் விடுவிக்கல. கென்டக்கி, மிசௌரி, மேரிலாண்ட், டெலவேர் மாதிரி யூனியனோட, அதாவது வடக்கு அரசோட, நின்ன அடிமை மாநிலங்களை அது தொடவே இல்ல. போர் அதிகாரத்தை வச்சுப் பண்ணினது, அதனால கிளர்ச்சி நடந்த இடத்துலதான் சட்டப்படி செல்லும்னு அவர் நினைச்சார். 1863 புத்தாண்டு அன்னிக்கு மணிக்கணக்கா விருந்தாளிகளோட கை குலுக்கிட்டு கையெழுத்துப் போட வந்தா கை நடுங்குது. பேனாவைக் கீழ வச்சிட்டார். நடுங்கின கையெழுத்தைப் பார்த்தா தயங்கினான்னு சொல்லுவாங்கன்னு சொல்லிட்டு, கொஞ்சம் பொறுத்து, ஆபிரகாம் லிங்கன்னு முழுசா நிதானமா போட்டார்.

அந்தப் பிரகடனத்துக்குப் பரீட்சை வந்தது 1864 ஆகஸ்ட்ல. கிராண்ட் படையில சாவு எண்ணி முடியல, ஜனம் சலிச்சுப் போச்சு, விடுதலைங்கற நிபந்தனையை விட்டுடுங்க, சமாதானம் பேசலாம்னு சொந்தக் கட்சிக்காரங்களே நெருக்கறாங்க. ஆகஸ்ட் 23ல ஒரு பேப்பர்ல, இந்த ஆட்சி திரும்ப வராதுன்னுதான் தோணுது, அப்படி ஆனா புதுசா வர்றவர் பதவி ஏத்துக்கறதுக்குள்ள அவரோட சேர்ந்து யூனியனைக் காப்பாத்தறது என் கடமைன்னு எழுதி, மடிச்சு, உள்ள என்ன இருக்குன்னு காட்டாமலே மந்திரிங்ககிட்ட முதுகுப் பக்கம் கையெழுத்து வாங்கினார். தோத்துருவோம்னு எழுதி வச்ச அதே நாட்கள்லதான், நமக்காகச் சண்டை போட்ட கறுப்பின வீரர்களைத் திரும்ப அடிமை ஆக்கினா எனக்கு இம்மையிலும் மறுமையிலும் சாபம்தான்னு சொல்லி மறுத்தார். செப்டம்பர் 2ல ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடிச்சார், காத்து திரும்புச்சு, தேர்தல்ல தேர்வாளர் ஓட்டு 212க்கு 21னு ஜெயிச்சார். 1865 ஜனவரி 31ல அடிமை முறையை ஒழிக்கற பதிமூணாவது சட்டத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில 119க்கு 56ல நிறைவேறுச்சு. அட்லாண்டாவுக்கு முன்னாடி இருந்த அந்தப் பத்து நாள்தான் அவரோட தலைமைக்கு உச்சம்னு நான் சொல்லுவேன், அப்போ அவர் கையில வெற்றி இல்ல, பிடிவாதம் மட்டும்தான் இருந்துச்சு.

அவர் பண்ணின பெரிய தப்பா நான் பார்க்கறது துணை அதிபரா ஆண்ட்ரூ ஜான்சன் வந்ததுக்கு இடம் கொடுத்ததுதான். கறுப்பினத்தவர்ல ரொம்ப அறிவுள்ளவங்களுக்கும் படையில இருந்தவங்களுக்கும் ஓட்டு கொடுக்கலாம்னு 1865 ஏப்ரல் 11ல லிங்கன் பேசினார், கூட்டத்துல ஜான் வில்க்ஸ் பூத் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான், மூணு நாள்ல லிங்கனைச் சுட்டுக் கொன்னான். ஜான்சன் பதவிக்கு வந்து பழைய எஜமானங்களுக்கு மன்னிப்பு மேல மன்னிப்பு கொடுத்தார். அந்த மார்ச் மாசப் பேச்சுல இருந்த மன்னிப்பை மட்டும் எடுத்துக்கிட்டு, நியாயத்துல உறுதின்னு இருந்த பாதியை விட்டுட்டாங்க.

1876ல லிங்கன் சிலை திறப்புல பிரடெரிக் டக்ளஸ் பேசினதை விட நேர்மையான மதிப்பீடு எதையும் நான் படிச்சதில்ல. அவர் வெள்ளைக்காரங்களோட அதிபராத்தான் இருந்தார்னு முகத்துக்கு நேரா சொன்னார், அடிமை ஒழிப்புக்காரங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா மந்தமா, அக்கறை இல்லாதவரா தெரிஞ்சார், அவர் நாட்டு ஜனங்களோட மனநிலையை வச்சுப் பார்த்தா வேகமானவர், தீவிரமானவர்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னார்.

அதே டக்ளஸ் 1865 மார்ச் 4 சாயங்காலம் வெள்ளை மாளிகை விருந்துக்குப் போனார். வாசல்ல போலீஸ்காரங்க கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க, கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லன்னு. உள்ள சேதி அனுப்பித்தான் போக முடிஞ்சுது. கூட்டத்துக்கு நடுவுல எல்லாரையும் விட உயரமா நின்ன லிங்கன் பார்த்த உடனே, இதோ என் நண்பர் டக்ளஸ் வர்றார்னு சுத்தி இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லி, இன்னிக்கு நான் பேசினது எப்படி இருந்துச்சு, உங்க கருத்தை விட இந்த நாட்டுல நான் மதிக்கற கருத்து வேற இல்லன்னு கேட்டார். பின்னாடி ஆயிரம் பேர் காத்திருக்காங்க, உங்களை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு டக்ளஸ் நகரப் பார்த்தார், லிங்கன் விடல. அது ஒரு புனிதமான முயற்சின்னு டக்ளஸ் சொன்னார். உங்களுக்குப் பிடிச்சதுல எனக்கு சந்தோஷம்னு சொல்லிட்டு லிங்கன் அடுத்தவருக்குக் கை கொடுக்கத் திரும்பினார்.