22 பிள்ளைகள், ஒரே ஆய்வக அறை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் சின்னச் சின்ன தனியார் உயர்நிலைப்பள்ளிகள் கண்ணில் படும். மைதானம் இருக்காது. பிரேயர் மொட்டை மாடியில் நடக்கும். பத்தாம் வகுப்பில் ஒரே செக்‌ஷன். 20 பேர், மிஞ்சினால் 25 பேர். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் தயங்குவது ஆய்வகத்தைப் பார்த்துத்தான். ஒரு வகுப்பறை அளவு இடம், நாலு மேசை, இரண்டு பீரோ. இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாமே அந்த ஒரு அறைக்குள்தான்.

அந்தத் தயக்கம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். 45 பேர் எட்டி நின்று பார்க்கும் பெரிய லேபைவிட, 22 பேர் வகுப்பை இரண்டாகப் பிரித்து 11 பேர் கையால் தொட்டுச் செய்யும் சின்ன லேப் எவ்வளவோ மேல். ஆனால் சின்னப் பள்ளி அந்த வசதியைப் பயன்படுத்தினால்தான் இது உண்மை. ஆசிரியர் முன்மேசையில் ஒருமுறை செய்து காட்ட, 22 பேரும் ரெக்கார்டில் எழுதிக்கொண்டால் 22 பேர் இருப்பதும் 45 பேர் இருப்பதும் ஒன்றுதான்.

மதிப்பெண் கணக்கிலும் இது சின்ன விஷயமில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15, இரண்டும் சேர்ந்து 35 வேண்டும். எழுதுவதில் தடுமாறும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களுக்குக் கையால் செய்து வாங்கும் அந்த 25தான் பெரிய பிடிமானம்.

முதலில் டைம் டேபிள். 40 நிமிடப் பீரியடில் எந்தச் செய்முறையும் முடியாது. கருவியை எடுத்து வைக்கவே 10 நிமிடம் போகும். அளவு எடுக்கத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் இரண்டு பீரியடைச் சேர்த்து 80 நிமிடமாக்க வேண்டும். வகுப்பை 11, 11 என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி லேபுக்கும் மறுபாதி கணக்கு ஆசிரியரிடமும் போகட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு ஆசிரியர் அந்த நேரத்தை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் வைத்துக்கொண்டால் நல்லது. கணக்குத் தேர்வில் 8 மதிப்பெண் வினா இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. காம்பஸ் பிடிக்கும் கையைப் பக்கத்தில் நின்று திருத்த 11 பேர் என்பது சரியான எண்ணிக்கை.

லேபில் 11 பேர் என்றால் மேசைக்கு மூவர், ஒரு மேசைக்கு மட்டும் இருவர். மூவரில் ஒருவர் கருவியை அமைப்பார், ஒருவர் அளவைப் படிப்பார், ஒருவர் எழுதுவார். அடுத்த அளவுக்கு வேலை மாறும். மூன்று அளவு எடுத்தால் மூவரும் மூன்று வேலையும் செய்திருப்பார்கள். இந்தச் சுழற்சியைக் கட்டாயமாக்காவிட்டால் கைவேகம் உள்ள ஒரே பிள்ளைதான் வருடம் முழுக்கக் கருவியைப் பிடிக்கும். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் கையில் நோட்டு மட்டுமே இருக்கும். இதை ஆசிரியர் கவனித்தே ஆக வேண்டும்.

இனி செய்முறைகள். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எங்கே தப்பு நடக்கிறதோ அங்கே மட்டும்.

குவிலென்ஸின் குவியத் தொலைவு. தொலைதூரப் பொருள் முறையில் ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு பொருளின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தை அளக்கிறோம். நம் தெருக்களில் ஜன்னலுக்கு எதிரே 3 மீட்டரில் அடுத்த வீட்டுச் சுவர் வந்துவிடும். அது தொலைதூரப் பொருளே இல்லை. குவியத் தொலைவு 15 செ.மீ. உள்ள லென்ஸை வைத்து 3 மீட்டரில் உள்ள ஜன்னல் கம்பியைப் பிடித்தால் பிம்பம் 15.8 செ.மீ.யில் விழும். பிள்ளை ஒழுங்காக அளந்திருந்தும் விடை தப்பாகிவிடும். மொட்டை மாடிக்குப் போங்கள். ராயபுரம் பக்கமானால் துறைமுகக் கிரேன், திருவொற்றியூர் பக்கமானால் மணலியின் புகைபோக்கி. நூறு மீட்டருக்கு அப்பால் எது இருந்தாலும் பிழை அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். திரை நிழலில் இருக்கட்டும். மாடிப்படிக் கதவுக்கு உள்ளே நின்று லென்ஸை வெளிப்பக்கம் காட்டினால் பிம்பம் தெளிவாக விழும். சூரியனை நோக்கி லென்ஸைத் திருப்பவே கூடாது என்பதைப் படியேறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து u, v முறை. லென்ஸிலிருந்து பொருளுக்குள்ள தூரம் u, பிம்பத்துக்குள்ள தூரம் v, இரண்டும் செ.மீ.யில். அதே 15 செ.மீ. லென்ஸுக்குப் பொருளை 25இல் வைத்தால் பிம்பம் 37.5இல், 30இல் வைத்தால் 30இல், 40இல் வைத்தால் 24இல் வர வேண்டும். ஆசிரியர் இந்த மூன்று ஜோடியையும் மனதில் வைத்திருந்தால், எந்த மேசையில் தவறு என்று ஒரு பார்வையில் தெரியும். பெரும்பாலும் தவறு லென்ஸ் தாங்கியில்தான்: லென்ஸ் சாய்ந்திருக்கும், அல்லது அளவை லென்ஸின் நடுவிலிருந்து எடுக்காமல் தாங்கியின் ஓரத்திலிருந்து எடுத்திருப்பார்கள்.

திருப்புத்திறன் சோதனையில் மீட்டர் ஸ்கேலை 50இல் கட்டித் தொங்கவிடுகிறோம். தெரிந்த எடை 50 கிராம், 30ஆம் கோட்டில். தெரியாத எடை 75ஆம் கோட்டில் வைத்தால் சமநிலை என்று வைத்துக்கொள்வோம். தூரங்கள் 20, 25. எடை 50 × 20 / 25, அதாவது 40 கிராம். பிள்ளைகள் கோட்டில் உள்ள எண்ணையே தூரமாக எடுத்து 50 × 30 / 75 என்று போட்டு 20 கிராம் என்பார்கள். சரியாகப் பாதி. “நடுவிலிருந்து அளந்தியா?” என்ற ஒரு கேள்வி போதும். இன்னொன்று, மின்விசிறியை நிறுத்தாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

மின்தடை எண் காணும் சோதனைதான் அதிகம் கெடுகிறது. காரணம் பாதி கணக்கு, பாதி கடல் காற்று.

கணக்கு முதலில். நிக்ரோம் கம்பி, நீளம் 50 செ.மீ., விட்டம் 0.40 மி.மீ. என்றால் மின்தடை ஏறத்தாழ 4.4 ஓம் வரும்; மின்தடை எண் 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர். 0.2, 0.3, 0.4 ஆம்பியருக்கு வோல்ட்மீட்டர் 0.88, 1.32, 1.76 காட்ட வேண்டும். சூத்திரத்தில் (மின்தடை × π × ஆரம்² / நீளம்) ஆரத்தைப் போடும் இடத்தில் விட்டத்தைப் போட்டால் விடை நாலு மடங்காகும், 4.4 × 10⁻⁶ என்று யாராவது நீட்டினால் அதுதான் காரணம். விட்டம் அளக்கும் திருகு அளவியில், எதையும் பிடிக்காமல் மூடும்போதே காட்டும் 0.02 மி.மீ. சுழிப்பிழையைக் கவனிக்காமல் விட்டால் விட்டத்தில் 5 சதவீதம் தப்பு. ஆரம் இருமடியாக வருவதால் விடையில் 10 சதவீதம் தப்பு. கம்பியின் நீளம் என்பது இரண்டு இணைப்புத் திருகுகளுக்கு நடுவே உள்ள நீளம் மட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி கணக்கில் சேராது.

கடல் காற்று அடுத்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காற்று எந்தப் பித்தளையையும் விடாது. இணைப்புத் திருகுகளில், மின்சுற்றைத் திறந்து மூடும் சாவியின் முனையில் களிம்பு ஏறிவிடும். களிம்பு ஏறிய இணைப்பே அரை ஓம் சேர்த்துவிட்டால் 4.4 ஓம் 4.9 ஆகத் தெரியும். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கம்பி நுனிகளையும் திருகுகளையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வோல்ட்மீட்டரின் இரு முனைகளையும் சோதனைக் கம்பியின் மேலேயே நேராக இணைத்தால், மற்ற இடத்துக் களிம்பு மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிர விடையைக் கெடுக்காது. ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரப் பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அளவு எடுத்ததும் சாவியைக் கழற்றிவிட வேண்டும். நிக்ரோமின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது, ஆனால் செல் சீக்கிரம் இறங்கிவிடும்.

அம்மீட்டர், வோல்ட்மீட்டர், கம்பி எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். நாலு மேசைக்கு நாலு செட், உபரியாக ஒன்று. உபரி இல்லாத லேபில் ஒரு மீட்டர் பழுதானால் மூன்று பிள்ளைகள் சும்மா நிற்பார்கள்.

வேதியியலில் உப்பு கரையும்போது வெப்பம் உமிழ்கிறதா, கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. ஆனாலும் விடை குழம்பும். 50 மி.லி. தண்ணீரில் 5 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைந்தால் வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்தால் ஏறும். குழப்பம் தண்ணீரில் வருகிறது. மாடியில் வெயிலில் கிடக்கும் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து மதியம் நேராகப் பிடித்த தண்ணீர் அறையைவிடச் சூடாக இருக்கும். உப்பே போடாமல் வைத்தாலும் அது தானாக ஆறிக்கொண்டிருக்கும். காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து லேபுக்குள் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கையால் தொடவே கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து, கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு கார்பனேட்டாக மாறிவிடும். நம் ஊர் ஈரத்துக்குப் பெரிய பாட்டில் வாங்குவது வீண். சின்ன பாட்டிலாக வாங்குவதே நல்லது.

காப்பர் சல்பேட் படிகத்தைச் சூடாக்கும்போது சோதனைக்குழாய் உலர்ந்திருக்க வேண்டும். வாய்ப்பகுதி கொஞ்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிவரும் நீர் திரும்ப ஓடி, சூடான அடியில் பட்டுக் குழாய் விரிசல் விடும்.

ஒளிச்சேர்க்கைக்கு ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வேண்டும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கட்டாகக் கிடைக்கும். வெட்டிய நுனி மேல்நோக்கி இருக்கும்படி புனலுக்குள் வைக்க வேண்டும். குமிழி வருவது அங்கிருந்துதான். பலரும் சுத்தமாக இருக்கட்டும் என்று கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதில் கரைந்த உப்பும் கரியமில வாயுவும் குறைவு, குமிழியே வராது. போர் தண்ணீரே நல்லது. கேன் தண்ணீர்தான் என்றால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். சோதனைக்குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் கவிழ்த்து, காலை 9 மணிக்கு மாடி வெயிலில் வைத்தால் மாலை 3 மணிக்குச் சோதிக்கும் அளவு வாயு சேரும். கனலும் ஊதுபத்தி நுனியை உள்ளே விட்டால் பளிச்சென்று எரியும். கட்டை விரல் அகலத்துக்குக் குறைவாக வாயு சேர்ந்திருந்தால் அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இடைவேளைதோறும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அதைத் தடுக்கவே கூடாது.

பூவின் பாகங்களுக்குச் செம்பருத்தி. காலையில் பறித்தது மாலைக்குள் சுருங்கிவிடும், ஆகவே முதல் இரண்டு பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள். ஊமத்தையை எடுத்தால் முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். செடி முழுக்க விஷம்.

வடகிழக்குப் பருவமழை இந்தத் திட்டத்தையெல்லாம் கலைக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை எந்த நாளும் விடுமுறையாகலாம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி திறந்தாலும் வர முடியாது. வெயில் வேண்டிய சோதனைகளை ஜூன், ஜூலையிலும், இயற்பியலைத் தீபாவளிக்கு முன்பும் முடித்துவிட வேண்டும். மழை மாதங்களுக்கு மாதிரிகள், ஸ்லைடுகள், படம் வரைவது. ஜனவரி முழுக்கத் திரும்பச் செய்வதற்கு. தரைத்தள லேபில் ரசாயனங்கள் இடுப்பு உயரத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். நுண்ணோக்கியை மூடிய பீரோவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஒரு மழைக்காலம் போதும், லென்ஸில் பூஞ்சை படர.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒன்று. ஜனவரியில் உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்து 22 பேரும் எழுதினால் 22 பேருக்கும் குவியத் தொலைவு ஒரே எண்ணாக இருக்கும். அளவுகளை அன்றைக்கே ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு, மணி அடிக்கும் முன் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 11 கையெழுத்துக்கு ஐந்து நிமிடம் ஆகாது. எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் எண். 14.6 வந்ததை 15 என்று மாற்றச் சொல்லாதீர்கள், ஏன் 14.6 வந்தது என்று அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு முடிந்து அறையைப் பூட்டும் முன் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பை லேபுக்கு அழைத்து வரலாம். செல்களை வெளியே எடுப்பது, திருகு அளவியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தேய்ப்பது, உடைந்ததை எண்ணுவது எல்லாம் அவர்கள் வேலை. எண்ணிய பட்டியலை ஒரு பிள்ளை கையால் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டட்டும். ஜூனில் கதவைத் திறக்கும்போது என்ன வாங்க வேண்டும் என்று ஹெச்.எம். அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.