பேத்தியின் கேள்விக் கொப்பி: இதுவரை செய்து பார்த்தவை

நான்கு வயதுப் பேத்தி கேட்கும் கேள்விகளை அவள் சொன்ன சொல் மாறாமல் ஒரு கொப்பியில் எழுதி, நான் சொன்ன பதிலையும் அதைக் கேட்டபின் அவள் என்ன செய்தாள் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வருகிறேன். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட 1125 கேள்விகளை வைத்து சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்த ஆராய்ச்சியைப் பற்றி வாசித்தபோது எழுந்த ஆசை இது.

முதலில் மணிக்கு எத்தனை கேள்வி என்று எண்ணினேன். நிறையக் கேட்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையிலும் சொல்வார்கள். ஆனால் எண்ணிக்கை இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறியது. என்னோடு இருக்கும்போது ஓயாமல் கேட்பவள், முன்பள்ளியில் வாயே திறப்பதில்லை என்றார்கள். பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் ஏறக்குறைய நான்கு வயதான முப்பது சிறுமிகளின் பேச்சைப் பதிவுசெய்து 1984 இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிகிறது: வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அதே பிள்ளைகள், முன்பள்ளியில் 2 மட்டுமே கேட்டார்கள். காலையில் இருந்த அறிவு மாலைக்குள் பெருகிவிடாது என்பதால், எண்ணிக்கையை அறிவின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்று முடிவுசெய்து, ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போன நாளின் பக்கம்தான் கொப்பியிலேயே நீளமானது. "அம்மப்பா, கீழ அடுப்பு எரியுதா?" என்று தொடங்கினாள். மழைத்தண்ணீர் நிலத்துக்குள் வெகு ஆழம் இறங்கி, அங்குள்ள சூட்டில் சூடேறி, பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது என்றேன். ஏழு கிணறுகளிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப ஏன் இது அவ்வளவு சுடேல்ல?" என்றாள், சற்று நேரம் கழித்து, "எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி ஆழத்துக்குப் போகேல்லையா?" என்றாள். என் விளக்கத்தை எடுத்து, நான் சொல்லாத இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்த்திருக்கிறாள். அறிவு என்று நான் கருதுவது இந்தப் பொருத்திப் பார்த்தலைத்தான்.

பிறகு பதில்களை மாற்றிப் பார்த்தேன். கோட்டைக்குள் திரியும் மான்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே "அது அப்படித்தான்" என்றபோது, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். அதன்பின் தானே ஒரு காரணம் சொன்னாள். காரணத்தோடு பதில் சொன்ன நாட்களில் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அமெரிக்காவில் பிரேசியர், கெல்மன், வெல்மன் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வேறுபாட்டையே காட்டியிருந்தது. பிள்ளைகள் வெறும் பேச்சுத்துணைக்காகக் கேட்பதில்லை, காரணம் தேடியே கேட்கிறார்கள் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. "தொணதொணக்காதே" என்று பெரியவர்கள் அதட்டும்போது அந்தத் தேடல்தான் தடைப்படுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இப்போது செய்து பார்ப்பது பெட்டி விளையாட்டு. மூடிய பனையோலைப் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்து, ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள் மட்டுமே தருவேன். இத்தகைய விளையாட்டை ஆராய்ந்த மோஷரும் ஹார்ன்ஸ்பியும் 1966 இல் எழுதியபடி, ஆறு வயதுப் பிள்ளைகள்கூடப் பெரும்பாலும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஊகிப்பார்கள்; பலவற்றை ஒரே கேள்வியில் விலக்கும் முறை அதற்குப் பின்னரே வலுப்படும். இவளும் "மாங்காயா? சிப்பியா?" என்றுதான் கேட்டு வந்தாள். சென்ற வாரம் முதன்முறையாக, "தின்னலாமா?" என்று கேட்டாள். அது தற்செயலா, முறையை உணர்ந்து கேட்டதா என்று அறிய, இனிமேல் தின்னும் பொருளையும் தின்னாப் பொருளையும் மாறி மாறி வைத்து, ஒவ்வொரு முறையும் அவள் கேட்கும் முதற்கேள்வியை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதப் போகிறேன்.