புட்னியில் சுண்டும் காசு

லண்டனின் தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் மோதும் துடுப்புப் படகுப் போட்டிக்கு முன்னால் 1829ஆம் வருடத் தங்க சவரன் காசு ஒன்றைச் சுண்டிப் போடுவார்கள். முதல் போட்டி நடந்த வருடம் அது. பூவா தலையாவில் ஜெயித்த அணி கரையைத் தேர்ந்தெடுக்கும்: தேம்ஸின் தென்கரையான சர்ரேயா, வடகரையான மிடில்செக்ஸா? இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால் போட்டியில் பாதி புரிந்துவிடும்.

புட்னியிலிருந்து மார்ட்லேக் வரை 4 மைல் 374 கஜம், அதாவது சுமார் 6.8 கிலோமீட்டர். ஆற்றின் மேல்திசையில்தான் போகிறார்கள், ஆனாலும் எதிர்நீச்சல் இல்லை. கடலிலிருந்து ஓதம், அதாவது ஏற்றநீர், ஏறும் நேரம் பார்த்து, அது உச்சத்தைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி முன்னால் தொடங்குவதால் தண்ணீரே படகைத் தள்ளும். நங்கூரமிட்ட சிறு படகில் குப்புறப் படுத்திருப்பவர் ஒவ்வொரு படகின் பின்முனையையும் கையால் பிடித்திருப்பார். பின்னாலிருந்து தள்ளும் ஓதம் படகின் மூக்கை ஒருபக்கமாகத் திருப்பிவிடும். முன்பக்கம் இருப்பவர்கள் துடுப்பால் லேசாகத் தட்டித்தட்டி நேராக்குவார்கள். அப்படியும் நேராகாவிட்டால் காக்ஸ், அதாவது சுக்கான் பிடிப்பவர், இன்னும் தயாரில்லை என்று கையை உயர்த்திக் காட்டுவார்.

பாதையில் மூன்று வளைவுகள். முதலில் வரும் ஃபுல்ஹாம் வளைவில் உள்வட்டம் மிடில்செக்ஸுக்கு; தோராயமாகக் கால் படகு நீளம் லாபம். அடுத்து ஹாமர்ஸ்மித்தைச் சுற்றிய நீண்ட வளைவு. அங்கே சர்ரேக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நீளம். கடைசியாக பார்ன்ஸ் வளைவில் மறுபடி மிடில்செக்ஸுக்கு அரை நீளம். சர்ரே எடுத்த அணி முதல் வளைவில் பின்தங்காமல் ஒட்டிக்கொண்டால் போதும், நடுவில் பறிக்கலாம். தொடக்கத்தில் வேகம் காட்டும் அணிக்கு மிடில்செக்ஸ் பிடிக்கும். மேற்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். எந்தக் கரையோரம் அலை அடங்கியிருக்கிறது என்பதே பெரிதாகிவிடும்.

உள்வட்டம் கிடைத்தால் மட்டும் போதாது. நீரோட்டம் வேகமாக இருப்பது ஆழமான நடு ஆற்றில். கரையோரம் ஆழம் குறைந்து வேகம் மட்டுப்படும். இரண்டு காக்ஸ்களுக்கும் அந்த நடுத்தண்ணீர் வேண்டும். துடுப்பும் துடுப்பும் இடித்துக்கொள்வது இதனால்தான். தனித்தனித் தடம் கிடையாது. பின்னால் மோட்டார் படகில் வரும் நடுவர் வெள்ளைக் கொடியை நீட்டி, எல்லை மீறும் அணியைப் பெயர் சொல்லி எச்சரிப்பார். எச்சரித்தும் விலகாமல் மோதினால் தகுதியிழப்பு வரை போகலாம். தெளிவான இடைவெளியோடு முந்திவிட்ட அணி எதிரியின் பாதைக்கு நேர் முன்னால் போய்க்கொள்ளலாம்; பின்னால் வருபவர்களுக்கு அந்தப் படகு கலக்கிவிட்ட தண்ணீர்தான் மிச்சம்.

நல்ல காக்ஸ் சுக்கானைத் தொடுவதே தெரியாது. வளைவு வருமுன்பே துளித்துளியாகத் திருப்பத் தொடங்கிவிடுவார். தாமதித்து ஒரேயடியாகத் திருப்பினால் படகு சாயும், ஒரு பக்கத் துடுப்புகள் தண்ணீரைச் சரியாகப் பிடிக்காது, வேகம் செத்துவிடும். எட்டுப் பேருக்கும் முதுகுதான் முன்னால்; பாதையைப் பார்ப்பவர் அந்த ஒருவரே. 1984இல் கேம்பிரிட்ஜ் தொடக்கத்துக்கு முன்பே கட்டிவைத்த சரக்குப் படகில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. போட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

ஓதம் ஒருபக்கம் ஏற, காற்று எதிரே அடித்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். ஒல்லியான இந்தப் படகின் விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பதால், ஒவ்வோர் அலையும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும். 1912இல் இரு படகுகளுமே மூழ்கின. 2016 பெண்கள் போட்டியில் கேம்பிரிட்ஜ் படகு நிறையத் தண்ணீர் ஏறி அமிழ்ந்தும், அந்தப் பெண்கள் நிறுத்தாமல் துடுப்புப் போட்டு எல்லையைத் தொட்டார்கள். ஜெயித்தது ஆக்ஸ்ஃபோர்டு, ஆனால் என் கண்ணுக்கு அந்த நாளின் பெரிய காரியம் அதுதான்.

இங்கே அணிகளுக்கு நிறம்தான் அடையாளம். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கருநீலம், கேம்பிரிட்ஜுக்கு வெளிர்நீலம். இந்தப் போட்டியில் துடுப்புப் போட்டவரை ஆயுள் முழுக்க ‘புளூ’ என்பார்கள். இரண்டாம் அணிகளான ஐசிஸும் கோல்டியும் அதே ஆற்றில் தனியாக மோதுகின்றன.

ஜெயித்தவர்கள் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் எறிவது மரபு. 2024இல் தேம்ஸில் ஈ.கோலை கிருமி மிகுந்திருந்ததால், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தார்கள்.