கார் ஓடாத புதன்கிழமை

2023 யூன் 13, செவ்வாய்

மன்னாரில் காலைச் சாப்பாடு தாமதமானதால் பத்து மணிக்குப் பின்னரே புறப்பட்டோம். ஏ32 வீதியில் பூநகரி வரை வாகனங்கள் மிகக் குறைவு; சோளகக் காற்று மட்டும் காரைப் பக்கவாட்டில் தள்ளியபடி கூட வந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தில் இறங்கிச் சற்று நேரம் நின்றோம். 288 மீற்றர் நீளமான இப்பாலம் 2011 சனவரியில் திறக்கப்படும் முன்னர், இந்தக் கடனீரேரியைப் 'பாதை'யில் ஏறித்தான் கடக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொன்னேன். பாதை என்றால் படகு என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

நாவற்குழி, கைதடி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாணத்துப் புத்தூரை அடைந்தபோது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பன் படலையடியில் நின்றான். தலை முழுவதும் நரைத்திருந்தது. என் தலையைப் பற்றி அவனும் அதையே நினைத்திருப்பான்.

2023 யூன் 14, புதன்

நல்லூர், கோட்டை, கீரிமலை, பருத்தித்துறை என்று இன்றைக்கு நான் எழுதி வைத்திருந்த பட்டியலை நண்பன் வாங்கிப் படித்து, மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நல்லூர் எங்கையும் ஓடிப்போகாது மச்சான். இண்டைக்குக் கூழ்" என்றான். அதிகாலையிலேயே சந்தைக்குச் சென்று நண்டும் இறாலும் மீனும் வாங்கி வந்துவிட்ட பின்னர் வாதாடுவதற்கு இடமில்லை.

குசினியில் அவனுடைய தாயாரின் ஆட்சி. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்து வைத்திருந்தார். மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவற்றைப் பானையில் இட வேண்டிய வரிசையை மருமகளுக்கு நாற்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றே தோன்றியது. செத்தல் மிளகாயும் புளியும் கரைத்து ஊற்றியபோது எழுந்த மணத்தில் விறாந்தையில் இருந்த எங்கள் பேச்சு நின்றுவிட்டது. கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழே பாய் விரித்து, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள். "தம்பி, இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று அம்மா கேட்க, மூன்றாவது பிளாவையும் நீட்டினேன். கிண்ணத்திலும் கூழ் குடித்திருக்கிறேன்; ஓலையின் மணம் சேராத கூழை இனி நான் கூழ் என்று ஒப்புக்கொள்வதாக இல்லை.

சாய்மனைக் கதிரையில் நன்றாகத் தூங்கியெழுந்து, வெயில் தாழ்ந்ததும் நாங்கள் இருவரும் சைக்கிளில் நவக்கிரி நிலாவரைக் கிணற்றுக்குச் சென்றோம். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊரார் சொல்லும் அக்கிணற்றில் மேல்நீர் நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பு ஏறும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது என்றும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும் என்றும் நண்பன் விளக்கினான். வெங்காயத் தோட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம் பம்ப் போடுகிறாய் என்று கேட்டேன். சிரித்தானே தவிர மறுமொழி சொல்லவில்லை.

திரும்பி வந்து கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தோம். இரவு புட்டும் சொதியும். பேராதனை விடுதியில் அவன் இரவல் வாங்கித் திருப்பித் தராத என் குடையைப் பற்றிய வழக்கு நள்ளிரவு வரை நீண்டும் தீரவில்லை. இறுதியில் நடுவராக அமர்த்தப்பட்ட அவனுடைய மனைவி, "அண்ணை, அந்தக் குடை இவரிட்டை இருந்திருந்தால் நான் எண்டாலும் கண்டிருப்பன்" என்று சொல்லி நழுவிவிட்டார்.

ஒவ்வொரு நாளும் கார் ஓடிய தூரத்தை இங்கே குறித்து வருகிறேன். இன்று: 0 கிலோமீற்றர்.

2023 யூன் 15, வியாழன்

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் ஒரு பெட்டி நிறைய மாம்பழமும், ஓலைக் குட்டானில் பனங்கட்டியும் ஏறியிருந்தன. பட்டியலைத் திருப்பிக் கேட்டபோது, அடுத்த முறை வரும்போது தருவதாக நண்பன் சொன்னான். ஆனையிறவைக் கடந்து பரந்தனில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் முன்னரே மனைவி முதல் மாம்பழத்தை நறுக்கத் தொடங்கிவிட்டார்.